கறை சேர வேண்டும்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. சால்வையில் மை கொட்டியதால் வந்தது.

பேனாவைச் சரியாக மூடாமல் பைக்குள் போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் சால்வையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் குளம். சுருட்டிக்கொண்டு சலவை நிலையத்துக்குப் போனேன். முன்னால் ஆள் இல்லை. "உள்ள வாங்க, கை ஈரமா இருக்கு" என்று ஒரு குரல் வந்தது. போனேன்.

நீள மேசை, அதன்மேல் கண் கூசும் விளக்கு. ஒரு பக்கம் தூரிகைகள், சின்னச் சின்னப் புட்டிகள். பக்கத்துத் தொட்டியில் குழாய் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. விளக்கின் கீழே முக்கோணமாக ஒரு வெள்ளைத் துணி. வெள்ளை என்று சொன்னது மரியாதைக்காக. அதில் இல்லாத நிறம் இல்லை.

அங்கே வேலை செய்கிற பெண்மணியை எல்லோரும் கறையக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் சால்வையை விரித்தார்.

"என்ன கறை?"

"மைன்னு நினைக்கிறேன்."

"நினைக்காதீங்க. மையா, இல்லையா? பேரு தெரிஞ்சாத்தான் மருந்து."

"மைதான்."

"அப்படிச் சொல்லுங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். விளக்கின் கீழே கிடந்த துணியைக் காட்டி, "அது என்ன கறை?" என்று கேட்டுவிட்டேன். அவர் குழாயை இன்னும் கொஞ்சம் குறைத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க. அது ஒரு கறை இல்லை."

எழுதட்டுமா என்று பிறகு கேட்டபோது, "பேரெல்லாம் வேணாம். கறையை மட்டும் சரியா எழுதுங்க" என்றார். அந்தப் பெரிய மனசுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மற்றதெல்லாம் போகிற போக்கில்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"கப்பல் சமையல்காரர் தம்முடைய கடைசி நாட்களில்—"

வேண்டாம். கதை எழுதுகிறவர்கள் கையில் ஒரு நோயாளி கிடைத்தால் நாலு பக்கத்துக்குள் அவரை வழியனுப்பிவிட வேண்டும் என்று விரல் அரிக்கும். இந்தக் கதையில் யாரும் சாகப்போவதில்லை. இப்போதே சொல்லிவிட்டேன், நிம்மதியாகப் படியுங்கள்.

"பரந்து விரிந்த இவ்வுலகில் பொருள்களும் மனிதர்களைப் போலவே ஓயாத பயணம்—"

இதை எழுதியது நான் இல்லை, நான் படித்துத் தொலைத்த கட்டுரைகள்.

"கறையக்கா கடலைப் பார்த்ததில்லை."

இது நிற்கும்போல் இருக்கிறது. இதிலேயே காலை ஊன்றிக்கொள்கிறேன்.

3

கறையக்கா கடலைப் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டதோ கப்பல் சமையல்காரரை. அவர் மாதக்கணக்கில் கடலில் கிடப்பார், இவர் கரையிலிருந்து வெகு தொலைவில், இந்த மேசையில். அவர் விடுப்பில் வரும்போதெல்லாம் "இந்தத் தடவை உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடறேன்" என்பார். மாமியாருக்குக் கால் முறியும். இல்லாவிட்டால் வீட்டுக்கூரை ஒழுகும். ஒருமுறை பெட்டியெல்லாம் கட்டிவைத்த பிறகு கப்பலிலிருந்து அழைப்பு வந்து, பெட்டி அவரோடு மட்டும் போனது.

பிறகு அவருடைய சிறுநீரகம் படுத்துக்கொண்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கையில் குழாயைச் செருகி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம்பண்ணி உள்ளே அனுப்பும் இயந்திரம். இந்த உடம்போடு நெடும்பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பும் கூடாது.

கடலை விட்டுவிட்டார் மனிதர், உப்பை விட முடியவில்லை. அதிலிருந்து அடுப்படிப் பக்கமே போகவில்லை. "உப்பில்லாம சமைக்க நான் எதுக்கு? வெந்நி வைக்க யாருக்கும் தெரியும்."

இயந்திரத்தில் படுத்திருக்கும்போது ஒருநாள் மனைவியிடம் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் குறையில்லை. உனக்குத்தான் கரையைக் காட்டாம விட்டுட்டேன்."

"நான் கேட்டேனா?"

"கேட்டிருந்தாத் திட்டிட்டுப் போயிருப்பேன். கேக்காம இருந்ததுதான் உறுத்துது."

(இந்த இடத்தில் கறையக்கா தூரிகையால் மேசையைத் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.)

4

இனி அந்த விளையாட்டை விளக்க வேண்டும். எனக்கே நாலுமுறை சொல்லித்தான் புரிந்தது. உங்களுக்கு ஒரே முறையில் புரிந்தால் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

டயாலிசிஸ் பகுதியில் ஒரு நர்ஸ். சமையல்காரர் அவருக்கு வைத்த பெயர் ஊசிராணி. சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போவார், கையில் முள் கீறலோடு திரும்பி வருவார்.

"எங்கம்மா போய்ப் பூனையோட சண்டை போட்டுட்டு வர்றே?"

"புதையல் தேடப் போனேன், கப்பல் ஐயா."

"கெடச்சுதா?"

"கெடச்சுது. ஒரு டப்பா. உள்ள சீட்டும் பென்சிலும் இருந்துச்சு. பேரெழுதிட்டு அங்கயே வச்சிட்டு வந்துட்டேன்."

சமையல்காரர் மனைவியைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆயிருக்கு. எம்பக்கத்துல ஒரு படுக்கை போடச் சொல்லு."

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். யாரோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் புள்ளியை இணையத்தில் போடுவார்கள். மற்றவர்கள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு தேடிப்போவார்கள். சில பெட்டிகளில் எண் பொறித்த சின்னத் தகடு தொங்கும் பொருள் ஏதாவது இருக்கும். அதை எடுத்தவர் வைத்துக்கொள்ளக் கூடாது. வேறொரு பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, இணையத்தில் பதிய வேண்டும். அந்தப் பொருளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. எங்கிருந்து எங்கே போனது, மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டே வரும்.

ஊசிராணியிடம் ஒரு தகடு உபரியாக இருந்தது. கறையக்கா வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து, கணவர் கப்பல் சமையலறையில் வேர்வைக்குக் கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை எடுத்துவந்தார். அதுவரை அந்தத் துணியை எத்தனைமுறை வெளுத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

"நாமதான் போக முடியலை. இதாவது போகட்டும்."*

* இந்தப் பேச்சு மனைவி சொன்னதா, கணவர் சொன்னதா என்று எனக்குக் குழப்பம். திரும்பக் கேட்டேன். "யார் சொன்னா என்ன, ரெண்டு பேருமே அதைத்தான் நெனச்சோம்" என்றார்.

5

தவறு நடந்தது இங்கேதான். உங்களில் யாருக்காவது இந்தத் தவறு நேர்ந்ததே இல்லை என்றால் கை தூக்குங்கள், நான் எழுதுவதை விட்டுவிடுகிறேன்.

துணிக்கான பக்கத்தில் 'இலக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. இந்தப் பொருள் எங்கே போக விரும்புகிறது என்று சொந்தக்காரர் எழுதலாம். கறையக்கா இந்த மேசையில் நின்றபடி, கட்டைவிரலால், சலவைக்கு வந்த கோட்டு ஒன்று ஊறிக்கொண்டிருந்த நேரத்தில் எழுதினார். நாள் முழுக்கச் சீட்டில் எழுதுவது என்ன? காப்பிக் கறை, மைக் கறை, எண்ணெய்க் கறை. கைபேசிக்கும் அது பழகிப்போயிருந்தது. 'க' என்று தொட்டதும் அந்தச் சொல்லைத் தட்டில் வைத்து நீட்டியது. இவர் எடுத்துக்கொண்டார்.

"இது கறை சேர வேண்டும். தயவுசெய்து உதவுங்கள்."

எனக்கும் இந்த இரண்டு எழுத்துகளோடு ஆயுள் தகராறுதான். (தகராறு! அந்தச் சொல்லிலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, பாருங்கள்.) பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றும் எழுதி, அடித்து, எழுதுகிறேன். அதனால்தானோ என்னவோ, இந்த இடத்தில் கறையக்கா மேல் எனக்குப் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது.

ஊசிராணி துணியை பஸ் டிப்போ மதிலுக்குப் பின்னால் இருந்த பெட்டியில் வைத்தார். மூன்றாம் நாள் யாரோ எடுத்தார்கள். பத்து நாளில் முதல் பதிவு வந்தது, ஒரு படத்தோடு. துணியின் ஒரு மூலையில், கோப்பையின் அடியை வைத்து அழுத்தியதுபோல, அழகான வட்டம்.

வேற்று மொழியில் இருந்த பதிவைக் கைபேசி மொழிபெயர்த்துக் காட்டியது: "என் காலைக் காப்பியைச் சேர்த்திருக்கிறேன். வாழ்த்துகள்."

கறையக்காவுக்கு வயிறு எரிந்தது. "குடிக்கத் தெரியாத ஜென்மம். ஊத்திட்டு வாழ்த்து வேற."

"தெரியாமப் பட்டிருக்கும்" என்றார் கணவர்.

"தெரியாமப் பட்டா இவ்ளோ வட்டமா விழுமா? நான் பாக்காத காப்பியா?"

அடுத்து எடுத்தவர் துணியைப் புல்லில் தேய்த்திருந்தார். அதற்கடுத்த குடும்பம் பழச்சாறு பிழிந்திருந்தது: "எங்கள் சின்ன மகளே பழத்தைத் தேர்ந்தெடுத்தாள்." மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் சங்கிலி எண்ணெயில் ஒரே ஒரு விரல் ரேகை வைத்தார். ஒரு மாமி பழைய வாயிற்கதவின் ஆணியை ஈரத் துணியில் ஓர் இரவு சுற்றிவைத்துத் துருவைச் சேர்த்து, "இது என் அப்பா வீட்டு ஆணி" என்று எழுதியிருந்தார். எல்லோரும் அடுத்தவர் வைத்த கறைமேல் படாமல், இடம் விட்டு, பார்த்துப் பார்த்து அழுக்குப் பண்ணியிருந்தார்கள்.

சமையல்காரர் இயந்திரத்தில் படுத்தபடி ஒவ்வொன்றாக வாசிப்பார். தூரம் கூடிக்கொண்டே போனது. முந்நூறு, அறுநூறு, ஆயிரத்தைத் தாண்டியது. பெட்டிக்குப் பெட்டி நேர்கோடு போட்டுத்தான் அந்தப் பக்கம் அளக்கும். வளைவு, மேடு, சுற்றுவழி எதுவும் அதற்குக் கணக்கில்லை. "கப்பலை இப்படி ஓட்டினா மலையில போய் முட்டும்" என்பார். ஆனாலும் விடாமல் ஊசிராணியைக் கேட்பார்: "கரைக்கு இன்னும் எவ்ளோம்மா?"

ஊசிராணி வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு கூடியதே தவிரக் குறையவில்லை. துணி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூடவா கடல்பக்கம் ஜோலி இல்லை?" என்று ஒருநாள் சமையல்காரர் போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குத்தான் ஊசிராணி, மற்றவர்களுக்கு அந்த இலக்கு எப்படித் தெரிகிறது என்று மொழிபெயர்ப்பைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார்.

"அக்கா, 'இதன்மேல் கறைகள் சேர வேண்டும், உதவுங்கள்'னு இருக்குக்கா."

போர்வைக்குள்ளிருந்து ஒரு குலுங்கல். அழுகிறாரோ என்று கறையக்கா போர்வையை இழுத்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். குழாய் ஆடியது. "ஐயா, ஆடாதீங்க, மிஷின் கத்தும்" என்று ஊசிராணி பதறினார். மிஷின் கத்தியது.

"உலகத்துல எல்லாருக்கும் கரை சேர சின்ன ர போதும்" என்றார் சமையல்காரர் மூச்சு வாங்க. "எம்பொண்டாட்டி ஒருத்திக்குத்தான் பெருசு கேக்குது."

கறையக்கா முகம் சிவந்து, உடனே திருத்தப் போனார். கணவர் கையைப் பிடித்தார்.

"இரு. இவ்ளோ பேரு மெனக்கெட்டு அழுக்காக்கியிருக்காங்க. தப்புன்னு தெரிஞ்சா மனசு சங்கடப்படும்."

அதனால் பழைய வரி அப்படியே இருந்தது. அதன் கீழே இன்னொன்று சேர்ந்தது:

"கரையும் சேர வேண்டும்."

6

இப்போது எனக்குச் சந்தேகம் வரும் பாத்திரத்திடம் வந்துவிட்டோம். பெயர் நத்தை. அவராக வைத்துக்கொண்ட பெயர். புது வரி எழுதிய மறுவாரம் துணியை எடுத்தவர். பதிவு இவ்வளவுதான்: "எடுத்துக்கொண்டேன். மெதுவாகத்தான் போவேன்."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மாதங்கள் போயின. பக்கத்தில் தூரம் அதே இடத்தில் நின்றது.

ஆணா, பெண்ணா தெரியாது. நடந்து போகிறவரா? அதுவும் தெரியாது. இப்படி ஒரு ஆள் கதைக்குள் வந்தால் எழுதுகிறவளுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்காதீர்கள். எழுதிப் பார்த்தேன்:

"நத்தை மணலில் கால் புதையப் புதைய நடந்தார். அலை ஒன்று எழும்பி அந்தத் துணியை—"

நிறுத்திவிட்டேன். கறையக்காவுக்குத் தெரியாத ஒரு கடலை அவர் முதுகுக்குப் பின்னால் நான் உங்களுக்குக் காட்டுவது நியாயமாகப் படவில்லை. அவர் எதுவரை பார்த்தாரோ அதுவரைதான் நாமும்.

சமையல்காரர் மட்டும் நத்தையை விட்டுக்கொடுக்கவில்லை. "மெதுவாத்தான் போவேன்னு சொல்லிட்டுத்தானே எடுத்தாரு. சொன்ன சொல்லைக் காப்பாத்தறாரு."

7

துணி திரும்பி வந்தது. புறப்பட்ட அதே பஸ் டிப்போ பெட்டிக்கு. பதிவு இல்லை, படம் இல்லை. வேறெதற்கோ பெட்டியைத் திறந்த ஊசிராணி, சாப்பாட்டைக்கூட மறந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

நோயாளிகளுக்குச் சாப்பாடு வைக்கும் மடக்குமேசையில் விரித்தார்கள். காப்பி, புல், பழம், எண்ணெய், துரு எல்லாம் அதனதன் இடத்தில். இடையில், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, இதற்கு முன் எந்தப் படத்திலும் இல்லாத ஒன்று. மெல்லிய வெள்ளைக் கோடு, வளைந்து வளைந்து.

கறையக்கா நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது.

"உப்பு. உப்புத்தண்ணி காஞ்ச கோடு."



அவரே ஓரத் தையலைப் பிரித்து ஆராய்ந்தார். கடற்கரைக்குப் போன துணி என்றால் தையலுக்குள் மணல் இருக்க வேண்டும். ஒரு பொடிகூட இல்லை. "வேர்வையும் இப்படித்தாங்க காயும். தோள்ல போட்டுக்கிட்டு ரொம்ப தூரம் நடந்தா இதே கோடு விழும். நான் தினம் பாக்கறேனே."

சமையல்காரர் துணியை எடுத்தார். வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

"என்ன பண்றீங்க? உப்பு ஆகாதுங்க உங்களுக்கு."

"இத்தனூண்டுதான்."

"ஏம்மா, நீ சொல்லேன்" என்று கறையக்கா ஊசிராணியைப் பார்த்தார். ஊசிராணி ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையல்காரர் நாக்கு நுனியால் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டார். கப்பலில் அத்தனை பேருக்கு ருசி பார்த்த நாக்கு.

"கடல்" என்றார். பிறகு துணியை மனைவியிடம் நீட்டினார். "பாரு."

கறையக்காவும் தொட்டுப் பார்த்தார். அவருக்கு உப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"வேர்வையா இருந்தா?"

"இருந்தா என்ன? அதுவும் நமக்காக நடந்த வேர்வைதானே."

பிறகு சமையல்காரர்தான் சொன்னார்: "இதை வெளுத்துக் குடு. கழுத்துல கட்டிக்கிட்டு நான் சமைக்கிறேன்."

"உப்பில்லாமலா?"

"உப்பில்லாமத்தான். முன்னப்பின்ன தெரியாதவங்க எவ்ளோ தூரம் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்காங்க. எனக்கு அடுப்படி நாலு எட்டுதானே?"

8

நான் உள்ளே நுழைந்தது அதற்கு மறுநாள். விளக்கின் கீழே கிடந்தது அந்தத் துணி. தொட்டியில் ஓடிக்கொண்டிருந்தது அதற்கான தண்ணீர்.

"வெளுக்கலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"துரு துணியைத் தின்னும். பழச்சாறு நூலை உளுத்துப்போக வச்சிடும். அடுத்த மழைக்குள்ள கையில எடுத்தா உதிரும்."

"வெளுத்தா?"

"வெள்ளை."

"அவருக்கு வேற துணி தரக்கூடாதா?"

"சொன்னேன். வேற துணி கடலைப் பாக்கலையேங்கறாரு. வெளுத்தா அந்தக் கடலும்ல போயிடும்னேன். அதுக்கு, வெளுத்துட்டாப் பாத்தது பாக்காததா ஆயிடுமாங்கறாரு." கறையக்கா அந்த வெள்ளைக் கோட்டின்மேல் விரலை வைத்து, தொடாமல், அதன் வளைவோடு நகர்த்தினார். "அவருக்கென்ன, நெஞ்சு நிறைய வச்சிருக்காரு. எனக்குப் பாக்கறதுக்கு இது ஒண்ணுதானே இருக்கு."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அன்றிலிருந்து பதில் எழுதிப் பார்க்கிறேன்.

(அ) கறையக்கா துணியைத் தண்ணீரில் இறக்குகிறார். மறுநாள் அடுப்படியில் வெள்ளைக் கழுத்துத் துணியோடு ஒரு மனிதர் நின்று, "உப்பைத் தவிர எல்லாத்தையும் எடு" என்கிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது.

(ஆ) குழாயை மூடுகிறார். துணி மடிந்து, அவர் பைக்குள் போகிறது. வீட்டில் சமையல்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டு, கழுத்தில் ஒன்றும் கட்டாமலே— இதுவும் பிடித்திருக்கிறது. பிடித்த இரண்டை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிக் கதையை முடிப்பாள்?

(இ) கோட்டை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுக்கிறார். இதை அப்போதே கறையக்காவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "மத்ததுக்கெல்லாம் நான் மருந்து போடணும். உப்புக்கு வெறும் தண்ணி போதும். முதல்ல கரையறதே அதுதான்."

சால்வையை வாங்கப் போனபோது அவர் இருந்தார். மை போன இடம் தெரியவில்லை. என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். துணி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை என்னோடு முடிந்திருக்கும், உங்களுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. இவ்வளவு தூரம் இதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நீங்கள். இறக்கிவைக்கிற இடத்தையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். எங்கே வைத்தீர்கள் என்று எனக்கு எழுதாவிட்டாலும் வருத்தமில்லை. நத்தை எழுதினாரா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள், நான் முக்காலியிலிருந்து எழுந்தபோது, அந்தத் துணியின் மூலையில் குத்தியிருந்த சலவைச் சீட்டைப் பார்த்தேன். யார் துணியானாலும் சீட்டு எழுதாமல் கறையக்கா தொடமாட்டார். 'என்ன கறை' என்ற இடத்தில் வரிசையாக எழுதியிருந்தார். காப்பி. புல். பழம். எண்ணெய். துரு.

கடைசியாக, அந்த உப்புக்கோட்டுக்கு நேரே: கரை.

சின்ன ர.

பழக்கதோஷம், திருத்துவதற்குப் பேனாவை எடுத்துவிட்டேன். பிறகு மூடியை இந்தமுறை சரியாக மூடி, பைக்குள் போட்டுக்கொண்டேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.